ஸ்ட்ராட் பழகிய கை செமி-ஹாலோவைத் தொட்டபோது

கடையில் ஒரு புது வகைக் கிட்டாரை எடுத்து நாலு கார்ட் வாசித்ததும் "ஆஹா, இதுதான்" என்றோ "இது நமக்கு ஒத்துவராது" என்றோ மனசு தீர்ப்பு சொல்லிவிடும். அந்த இரண்டு தீர்ப்பையுமே உடனே நம்பக் கூடாது என்பது என் கட்சி. காதில் விழுவதில் கிட்டாரின் பங்கு எவ்வளவு, துருப்பிடித்த ஸ்ட்ரிங்கின் பங்கு எவ்வளவு, கடையின் ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) செய்கிற வேலை எவ்வளவு, வருடக்கணக்கில் வேறொன்றில் ஊறிப்போன கையின் பிடிவாதம் எவ்வளவு என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. செமி-ஹாலோ, அதாவது உள்ளே பாதி காலியான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்க்கப் போனபோது நான் செய்ததெல்லாம் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்ததுதான். ஸ்குரூடிரைவரும் புது ஸ்ட்ரிங்கும் மாற்றிவிடக்கூடியவை ஒரு பக்கம். மரத்தை அறுத்த அன்றே முடிவாகிவிட்டவை இன்னொரு பக்கம். வாங்குவதா வேண்டாமா என்பதை இரண்டாவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் வாசிப்பது ஸ்ட்ராட் வகை. ஃபெண்டர் 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழியில் வந்தது. உள்ளே வெற்றிடம் இல்லாத மரப் பாடி, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப் மூன்று, எல்லாமே சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) வகை. அதில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. மெதுவான பாட்டில், ஆம்ப்பைக் கூட்டி வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற இடங்களில் பின்னால் ஓடும் அந்த 'ம்ம்ம்' இரைச்சல்தான் உறுத்தும். கூடவே, நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப்பில் இன்னும் கொஞ்சம் உருண்டு திரண்ட ஒலி வேண்டும் என்றொரு ஆசை. ஜாஸ் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் முழு ஹாலோ பெட்டிக்குப் போகலாம் என்றால், டிரம்ஸ் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிப்பவனுக்கு அது ஊளையிடும், சரிப்படாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் செமி-ஹாலோ.

இந்த வகைக்கு மூலம் கிப்சன் 1958-ல் வெளியிட்ட இ.எஸ்-335. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. அகலமான, மெல்லிய பெட்டி, இரண்டு பக்கமும் 'எஃப்' வடிவத் துளை. ஆனால் நடுவில் நெக்கிலிருந்து அடிப்பக்கம் வரை ஒரு மரக்கட்டை நீளமாக ஓடுகிறது. பிக்கப்பும், பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பக்கச் சிறகுகள் மட்டும்தான் காலி. இந்த யோசனைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1940 வாக்கிலேயே கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு பைன் மரக்கட்டையில் ஸ்ட்ரிங்கும் பிக்கப்பும் பூட்டி, பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டுமே என்று ஒரு பழைய ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிட்டாரின் பாடியை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டிவைத்திருந்தார். ஒலிக்குக் கட்டை போதும், கண்ணுக்குத்தான் சிறகு என்பது அவர் கணக்கு. 335-ல் சிறகுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அது எவ்வளவு என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடையில் வரிசையாகத் தொங்குகிறவற்றில் எது செமி-ஹாலோ, எது முழு ஹாலோ என்பது தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கேட்டேன்.

"தம்பி, இது உள்ளே கட்டை வெச்சதா, முழுசா காலியா?"

"எல்லாமே எஃப் ஹோல் வெச்சதுதான் சார்" என்றார் அந்தப் பையன். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே அச்சு அசலாக ஒரே உருவம்தான். 1959-ல் வந்த இ.எஸ்-330-யும் சரி, பீட்டில்ஸ் குழுவில் மூன்று பேர் வைத்திருந்த எபிஃபோன் கசீனோவும் சரி, 335-இன் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் உள்ளே முழுக்கக் காலி. ஆம்ப்பைக் கூட்டினால் வித்தியாசம் வெட்டவெளிச்சமாகிவிடும். கைபேசி விளக்கை எஃப் துளைக்குள் சாய்த்து அடித்துப் பார்ப்பதுதான் எளிய வழி. வெளிச்சம் தடையில்லாமல் எதிர்ப்பக்கத் துளைவரை போனால் ஹாலோ. நடுவில் சுவர் எழுப்பின மாதிரி மரம் மறித்தால் செமி-ஹாலோ. ஸ்ட்ரிங்கின் கடைசி முனை எங்கே பூட்டியிருக்கிறது என்பதும் துப்பு கொடுக்கும்: பாடியின் நடுவிலேயே ஒரு குறுக்குக் கட்டையாக டெயில்பீஸ் திருகியிருந்தால், அதைத் தாங்க உள்ளே மரம் இருந்தாக வேண்டும். அடி ஓரத்திலிருந்து நீண்டு வரும் ட்ரபீஸ் வகையாக இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. சில 335-களிலும் அது உண்டு. அப்புறம் விளக்குதான் கதி.

வாசிக்கும் முன் சில ஏற்பாடுகள். என் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே கவுன்ட்டரில் காட்டிச் சொல்லிவிட்டேன். வெளியே வரும்போது எது யாருடையது என்ற பேச்சே வரக் கூடாது. சொந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவது கூச்சமாக இருக்கும்தான். ஆனால் வேறு எதை வைத்து ஒப்பிடுவது? ஞாபகத்தில் இருக்கிற ஒலியை நம்பக் கூடாது. பெல்ட் கொக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன், பின்பக்கம் கீறிவிடும். ஆம்ப் வால்யூமைச் சுழியில் வைத்துவிட்டு கேபிளைச் செருகினேன். பிறகு ட்யூன் செய்தேன். கடையில் தொங்கும் கிட்டார் ஸ்ருதியில் இருக்காது. பலர் அப்படியே வாசித்துவிட்டு "ஏதோ சரியில்லை" என்று திருப்பி மாட்டிவிடுகிறார்கள்.

ஸ்ட்ரிங்கைத் தடவினால் விரலில் கருப்பு ஒட்டியது. எத்தனை பேர் கைபட்டதோ. இந்த நிலையில் "ஒலி மந்தமாக இருக்கிறது" என்று எழுதிவைத்தால் அது கிட்டாருக்குச் செய்யும் அநியாயம். வாங்கும் எண்ணம் நிஜமாக இருந்தால், காசு கொடுத்தாவது புது ஸ்ட்ரிங் போட்டுத் தரச் சொல்வதில் தப்பே இல்லை. நான் கேட்டேன், போட்டுக் கொடுத்தார்கள்.

சரி, மடியில் வைத்தாயிற்று. முதலில் தடுமாறியது இடது கை. ஓபன் சி கார்ட் பிடிக்கப் போனால் விரல்கள் ஒரு ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தள்ளி இறங்கின. உட்கார்ந்திருக்கும்போது இது அவ்வளவாகத் தெரியவில்லை. ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்றபோதுதான் கை நன்றாகவே ஏமாந்தது. காரணம் ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் இடம். ஸ்ட்ராட்டில் மேல் கொம்பு நீண்டு வந்து ஏறத்தாழ 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே பட்டனைக் கொண்டுவந்துவிடுகிறது. 335 வடிவத்தில் நெக் 19-ஆவது ஃப்ரெட்டில்தான் பாடியைத் தொடுகிறது. பட்டன் அந்தச் சேருமிடத்துக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது. அதனால் கிட்டார் முழுவதுமே இடதுபுறம் தள்ளித் தொங்குகிறது. முதல் ஃப்ரெட் தூரமாகிவிடுகிறது. பதிலுக்கு 15-க்கு மேலே உள்ள ஃப்ரெட்டுகள் கைக்குக் கிட்டத்தில் வந்துவிடுகின்றன. பட்டன் பின்பக்கத்தில் இருப்பதால் பாடியின் மேல் விளிம்பு கொஞ்சம் முன்னால் சாயவும் பார்க்கும். நின்று வாசிக்கிறவர்கள் நின்றுதான் சோதிக்க வேண்டும். கடையில் ஸ்டூலைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்ட்ராப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வலது கைக்கும் வேறு கணக்கு. ஸ்ட்ராட்டில் ஸ்ட்ரிங் பாடியை ஒட்டியே ஓடும். சுண்டு விரலைப் பிக்கார்டில் ஊன்றிக்கொண்டு வாசிக்கிற பழக்கம் எனக்கு. இங்கே மேல்பலகை வளைந்திருக்கிறது, நெக் கொஞ்சம் பின்சாய்வாகப் பூட்டப்பட்டிருக்கிறது, பிரிட்ஜ் உயர்ந்து நிற்கிறது. சுண்டு விரல் அந்தரத்தில் துழாவிவிட்டுக் கடைசியில் பிக்கப் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிக்கும்போது மணிக்கட்டின் கோணமே மாறிவிடுகிறது. இதெல்லாம் மரத்தில் முடிவானவை. எந்தச் செட்டப்பும் மாற்றாது. ஆனால் கை பழகிவிடக்கூடியவையும் இவைதான். எனவே இவற்றைக் குறை என்ற கணக்கிலும் சேர்க்கவில்லை, நிறை என்ற கணக்கிலும் சேர்க்கவில்லை. மணிக்கட்டு வலிக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

"கிப்சன் வகையில் ஸ்ட்ரிங் தளர்வாக இருக்கும், பெண்ட் சுலபம்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெண்ட் என்றால் ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்ருதியை ஏற்றுவது. அதில் உண்மை உண்டு, ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்டில், தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளமிட்ட நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான ஸ்கேல் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். இந்த வகையில் 24.75 அங்குலம், ஏறத்தாழ 628 மில்லிமீட்டர். ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே ஸ்ருதிக்கு முறுக்கினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் குட்டை ஸ்கேலில் சுமார் 6 சதவீதம் குறைவு. அவ்வளவுதான். ஆனால் கடையில் இந்த வகைக்குப் பெரும்பாலும் 10-இல் தொடங்கும் செட் (மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு) போட்டிருப்பார்கள். ஸ்ட்ராட்டில் பலரும் போடுவது 9. ஒரு அளவு தடித்த ஸ்ட்ரிங்கால் கூடுகிற இழுவிசை, ஸ்கேல் குட்டையானதால் குறைகிறதைவிட அதிகம். அதனால்தான் சிலர் "தளர்வா? எனக்கு விறைப்பாகத்தானே இருக்கிறது!" என்று குழம்புகிறார்கள். இரண்டிலும் என்ன செட் போட்டிருக்கிறது என்று தெரியாமல் பெண்ட் செய்து பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எனக்குப் போட்டுக் கொடுத்ததும் 10 செட்தான். என் ஸ்ட்ராட்டில் இருப்பதும் அதுவே என்பதால் ஒப்பிட முடிந்தது: பெண்ட் கொஞ்சம் இலகுதான், தலைகீழ் மாற்றமெல்லாம் இல்லை.

விரல் விரிப்பில் வித்தியாசம் இன்னும் நன்றாகவே தெரிந்தது. முதல் நாலு ஃப்ரெட்டின் மொத்த நீளம் ஸ்ட்ராட்டில் சுமார் 134 மில்லிமீட்டர், இதில் சுமார் 130. நாலு மில்லிமீட்டர் என்று எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லை. முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலைந்து ஃப்ரெட்டுக்கு விரித்துப் பிடிக்கும் ஜாஸ் கார்டுகளில், சின்னக் கைக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. மேலே போகப் போக இதே காரணத்தால் ஃப்ரெட்டுகள் நெருக்கமாகி, தடித்த விரல்காரர்களுக்குத் தொந்தரவாகவும் ஆகும்.

ஃபிங்கர்போர்டின் வளைவும் வேறு. பழைய ஸ்ட்ராட்டுகளில் அதன் ஆரம் 7.25 அங்குலம், பின்னால் வந்த பலவற்றில் 9.5. கிப்சன் வழியில் 12. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகிறது. வளைவு அதிகமான பலகையில் கார்ட் பிடிக்கக் கைக்கு இதம். ஆனால் ஸ்ட்ரிங்கைத் தாழ்த்தி வைத்துவிட்டு மேல் ஃப்ரெட்டில் பெரிய பெண்ட் போட்டால் நோட் மூச்சடைத்துப் போகும். தட்டையான பலகையில் அந்தச் சிக்கல் குறைவு. முதல் ஸ்ட்ரிங்கில் 15-ஆவது ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி நிறுத்தினேன். அப்படியே நின்றது. என் கிட்டாரில் அதே இடத்தில் அதே நோட் பாதியிலேயே தேய்ந்துவிடும்.

இனி ஆம்ப். கடைப் பையன் ரிவெர்ப் (எதிரொலி) பாதிவரை திருப்பி, டிஸ்டார்ஷன் ஏற்றி வைத்த ஆம்ப் முன்னால் உட்கார வைத்தார். அதில் எதை வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ரிவெர்பை முழுக்க அணைத்து, க்ளீன் சேனலில், பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துக்கொண்டேன். வீட்டில் இருக்கும் ஆம்ப் மாடல் கடையில் இருந்தால் அதையே கேளுங்கள், வேலை பாதியாகிவிடும்.

இங்கேதான் பெரும்பாலானவர்களின் காது ஏமாறுகிறது என்று நினைக்கிறேன். இந்தக் கிட்டாரில் இருக்கும் இரட்டைக் காயில் ஹம்பக்கர் பிக்கப், சிங்கிள் காயிலைவிட வலுவான சிக்னல் தரும். ஆம்ப் திருகைத் தொடாமல் ஸ்ட்ராட்டைக் கழற்றிவிட்டு இதைச் செருகினால் ஒலி கூடிவிடும். இரண்டு ஒலிகளில் கொஞ்சம் சத்தமாக இருப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். யாராக இருந்தாலும் இது நடக்கும். எனவே ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சத்தத்தைச் சமன்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்ததும் "ஆஹா"வில் பாதி காணாமல் போனது. மீதிப் பாதிதான் நிஜம்.

அந்த நிஜம் என்ன? முதலாவது, அமைதி. கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் செய்த பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பி.ஏ.எஃப்' என்று இன்றுவரை அழைக்கிறார்கள். இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவத்தையும் மாற்றி வைத்துவிட்டால், மின்சார லைனிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கின் அதிர்வு மட்டும் கூடி வரும். கடையில் குழல் விளக்குகள், பக்கத்திலேயே கணினி. என் கிட்டார் இரைந்தது, இது வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கேட்பதால் உச்ச ஹார்மோனிக்குகள் சில அடிபட்டுப் போகின்றன. ஸ்ட்ராட்டில் பிக் பட்டதும் தெறிக்குமே ஒரு கண்ணாடிச் சத்தம், அது இதில் இல்லை. ட்ரெபிளைக் கூட்டினாலும் வராது. அந்தச் சத்தத்துக்காகவே கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்த வகையை இரண்டாவது கிட்டாராகத்தான் யோசிக்க வேண்டும்.

திருகுகள் நாலு: ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். கடையில் எல்லோரும் எல்லாவற்றையும் பத்தில் வைத்து வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், இந்த வகையின் பாதிச் சுவையே இந்தத் திருகுகளில்தான் இருக்கிறது. ஸ்விட்ச்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்துக்கொண்டு, நெக் வால்யூமை மட்டும் பத்திலிருந்து எட்டு, ஏழு என்று இறக்கிப் பாருங்கள். ஒலியின் நிறம் படிப்படியாக மாறும். வழக்கமான வயரிங்கில் ஒன்றைச் சுழிக்குக் கொண்டுபோனால் இரண்டுமே அடங்கிவிடும். பழுது என்று பயந்துவிட வேண்டாம். அடுத்து நெக் பிக்கப்பில் டோனை மூன்று, நாலுக்கு இறக்கி மெதுவாக ஒரு பாட்டின் மெட்டை ஒரே ஸ்ட்ரிங்கில் வாசித்தேன். நான் தேடிப்போன உருண்டை ஒலி அங்கேதான் இருந்தது. பத்தில் வைத்து வாசித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அது என் காதில் பட்டிருக்காது. சுண்டு விரலால் வால்யூமை வாசிக்க வாசிக்கவே ஏற்றி இறக்குகிற ஸ்ட்ராட் வித்தை இதில் கஷ்டம், திருகுகள் எட்டத்தில் இருக்கின்றன.

என்ன வாசிப்பது என்பதும் ஒரு கேள்வி. பக்கத்தில் ஆள் நின்றால் எல்லோருக்குமே வேகமான லிக்குகள்தான் கையில் வரும். அவற்றில் கிட்டாரின் குணம் எதுவும் தெரியாது, நம் பயிற்சி மட்டும்தான் தெரியும். சலிப்பூட்டுகிறதை வாசிக்க வேண்டும். ஒரு கார்டை அடித்துவிட்டு முழுக்க அடங்கும்வரை கேட்க வேண்டும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே பலத்தில், கீழிருந்து மேல்வரை போக வேண்டும். செத்த நோட்டும் 'ஜிர்' என்று உரசும் ஃப்ரெட்டும் அப்போதுதான் பிடிபடும். கடையில் மற்றவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

செமி-ஹாலோவுக்கே உரிய மாயை ஒன்று உண்டு. ஆம்ப் இல்லாமலே கொஞ்சம் சத்தம் வரும்; பின்பலகை வயிற்றில் அதிர்வது இதமாக இருக்கும். மெல்ல வாசிக்கும்போது அந்த மரச் சத்தமும் ஆம்ப் சத்தமும் காதில் கலந்து, அபாரமாக ஒலிப்பதாகத் தோன்றும். எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதில் ஆம்ப் பங்கு மட்டும்தான் போகிறது. கைபேசியை ஆம்ப் பக்கத்தில் வைத்து, இரண்டு கிட்டாரிலும் ஒரே சின்னத் துணுக்கைப் பதிவு செய்துகொண்டு வெளியே வந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். கைபேசி மைக் தரமானதல்ல, ஆனால் இரண்டுக்கும் ஒரே மைக், அது போதும். மரச் சத்தம் போன பிறகும் மிஞ்சியது, பிக் படும் இடத்தில் ஒரு மென்மையும், நோட் அடங்கும் விதத்தில் ஒரு காற்றோட்டமும். சிறகுகளின் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

ஃபீட்பேக் சோதனையை அனுமதி கேட்டுச் செய்தேன். ஆம்ப்பிலிருந்து வரும் ஒலி மேல்பலகையை அதிரவைக்க, அது ஸ்ட்ரிங்கை அதிரவைக்க, பிக்கப் அதையே மறுபடி ஆம்ப்புக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றி ஊளையாகிறது. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் இந்தத் தொல்லைக்குத் துளைகளுக்குள் துணி அடைத்துப் பார்த்தவர். 1980-ல் கிப்சன் அவர் பேரில் வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் துளையே வைக்கவில்லை. குழுவோடு வாசிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, ஆம்ப்புக்கு நேரே நின்று, வாசிக்காமல் கையை எடுத்தேன். கட்டை இருப்பதால் உடனே ஊளையிடவில்லை. ஒரு அடி நெருங்கினதும் கீழ் ஸ்ட்ரிங்கிலிருந்து கனமாக ஒரு முனகல் கிளம்பியது. உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் அடங்கியது. ஆக, மேடையில் நிற்கும் இடத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய கிட்டார் இது. ஸ்ட்ராட் போல எங்கே வேண்டுமானாலும் நிற்க முடியாது. வால்யூமைக் கூட்ட வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டால், இந்த ஒரு விஷயம் தெரியாமலே வாங்குகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் குறைகள். நான் முதலில் எடுத்ததில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கில் ஒரு நோட் வாசித்தால் மட்டும் உள்ளே எங்கோ கிணுகிணுத்தது. ஃப்ரெட் உரசல் என்று நினைத்து நெக்கைத் திருகத் தோன்றும். பாடியை ஒவ்வொரு இடமாக விரலால் அமுக்கியபடி அதே நோட்டை அடித்தேன். கேபிள் செருகும் ஜாக்கைப் பிடித்ததும் சத்தம் நின்றது. ஜாக்கின் வெளி நட் தளர்ந்திருந்தது. இந்த வகையில் இதை உடனே இறுக்கிவிட வேண்டும். நட் கழன்றால் ஜாக் பெட்டிக்குள் விழுந்துவிடும். பின்னால் திறக்கிற மூடி கிடையாது, எஃப் துளை வழியாக நூல் கட்டி இழுத்துத்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிக்கப், திருகு எதை மாற்றினாலும் இதே கதைதான் என்பதால் எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்குக் கூலி கூடும்.

மூன்றாவது ஸ்ட்ரிங்கை ட்யூன் செய்யும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு ஸ்ருதி தாவியது. தலையில் இருபுறமும் மூன்று மூன்று கீ இருப்பதால், நடு ஸ்ட்ரிங்குகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வளைந்து போகின்றன. பள்ளம் சரியாக அராவப்படாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்ளும். பென்சில் கரி தடவினால் தற்காலிகமாகச் சரியாகும், பள்ளத்தை அராவினால் நிரந்தரமாக. ஃப்ரெட் ஓரங்கள் உள்ளங்கையில் குத்தினால் ஃபிங்கர்போர்ட் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அதையும் அராவிவிடலாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அமுக்கி, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் நேராக இருக்கிறது. கூடவோ குறையவோ இருந்தால் நெக்குக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். 12-ஆவது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அமுக்கின நோட்டும் ட்யூனரில் ஒன்றாக வராவிட்டால் பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலை நகர்த்தினால் போதும். இவை எல்லாமே கடைக்காரரிடம் "வாங்கினால் செட்டப் செய்து தருவீர்களா?" என்று கேட்க வேண்டிய விஷயங்கள். வேண்டாம் என்று ஒதுக்குவதற்கான காரணங்கள் அல்ல.

ஒதுக்க ஒரே காரணம் போதும்: முறுக்கிக்கொண்ட நெக். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் ஓரத்தை நீளவாக்கில் பார்த்தேன். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே தளத்தில் போகவில்லை. தலைப்பக்கம் லேசாக ஒருபுறம் திரும்பியிருந்தது. ட்ரஸ் ராட் முன்பின் வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கை எடுக்காது. போல்ட் போட்ட நெக்காக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், இதில் ஒட்டியிருக்கிறது. கடைப் பையனிடம் காட்டினேன், அவரும் பார்த்துவிட்டு, "அதே மாடல் இன்னொண்ணு இருக்கு சார், எடுத்துத் தரட்டுமா?" என்றார்.

அந்த இன்னொன்றின் நெக் நேராக இருந்தது. எடையும் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குறைவு. ஒரே மாடல், ஒரே நிறம், ஆனாலும் மரத்துக்கு மரம் வேறுபடும். எனவே மாடல் பிடித்துப்போனாலும் கையில் இருக்கிற அந்த ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், கடையில் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் இறக்கிப் பார்ப்பது நல்லது. அன்றைக்கு வாங்காமல் வந்துவிட்டு, பதிவு செய்த துணுக்குகளை நாலு நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்டேன். அப்போதும் எனக்கு அந்த மென்மை தனியாகக் கேட்டதால் போய் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். செட்டப்பும் நட் வேலையும் சேர்த்தே செய்து தருவதாகப் பேசி முடித்தோம்.

கேஸ் விஷயத்தையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ஸ்ட்ராட்டின் அகலம் சுமார் 13 அங்குலம், இதன் அகலம் 16. பழைய பை உதவாது. இந்த வகையில் தலை 17 டிகிரி பின்சாய்ந்திருக்கிறது. நெக் பெரும்பாலும் மஹாகனி. ட்ரஸ் ராட் நட்டுக்காகச் சரியாக அந்த மடிப்பில்தான் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மல்லாக்க விழுந்தால் அங்கேதான் உடையும். துணிப் பையை இலவசமாகத் தந்தார்கள். அதை மறுத்துவிட்டு, கூடக் கொஞ்சம் கொடுத்து, நெக்கைத் தாங்கிப் பிடித்துத் தலை தரையில் படாமல் வைக்கும் ஹார்ட் கேஸாக வாங்கிக்கொண்டேன். கிட்டாரை உள்ளே வைத்து மூடி, தலைக்குக் கீழே விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பில் போடச் சொன்னேன்.